எழுபத்திமூணு நாள் நிறுத்தி வச்ச ஓட்டம்

டைப் அடிக்கேன்க்கா. பாளையங்கோட்டையில, பத்திர ஆபீஸுக்கு எதுத்தாப்புல, ஒரு பத்திர எழுத்தர்கிட்ட. இருபத்திரண்டு வருஷமாச்சு. ஜெபக்கனின்னு கேட்டா அங்க டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அது வயித்துப்பாட்டுக்கு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து நீங்க கேட்டதால சொல்லுதேன், எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் கிடையாது. நான் நடுவர்.

பட்டிமன்றத்துக்கான்னு எங்க நாத்தனாரும் இப்படித்தான் கேட்டா. அது இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு இருக்கு, சொல்மழைன்னு பேரு. மேல மேகம் நிக்கும். அதுல இருந்து தமிழ் வார்த்தை ஒண்ணொண்ணா விழும். தரையைத் தொடுறதுக்குள்ள நாம அதை அடிச்சிரணும். அடிச்சா மறையும், விட்டா தண்ணி ஏறும். ஒரு கட்டத்துல விழுகிற வார்த்தையெல்லாம் அடிச்சு முடிச்சாத்தான் அடுத்த கட்டம். மொத்தம் நாப்பது. முதல்ல ‘கல்’, ‘மண்’ணுதான் வரும். முப்பதைத் தாண்டினா ‘ஒத்துழைக்காதவர்களுக்கெல்லாம்’னு வரும். ஒவ்வொரு தடவையும் வார்த்தை மாறும், அதனால மனப்பாடம் பண்ணி வைக்க முடியாது. நாப்பது கட்டத்தையும் யாரு சீக்கிரமா முடிக்காங்கிறதுதான் போட்டி. அப்படி முடிக்கிறதுக்கு ஓட்டம்னு பேரு. ஆடுறதை வீடியோ எடுத்து அனுப்பணும், நடுவர் பாத்து ஏத்துக்கிட்டாத்தான் பட்டியல்ல பேரு வரும்.

ஆபீஸ்ல புதுசா கீபோர்டு சாஃப்ட்வேர் இறக்கும்போது கூடவே வந்துது இது. ஒரு மத்தியானம் சோத்து டப்பாவைத் திறந்து வச்சிக்கிட்டு சும்மா அடிச்சுப் பாத்தேன். அன்னைக்கு சோறு சாப்பிடல. மூணே மாசத்துல முதல் இடம். பதினாலு நிமிஷம் இருபத்திரண்டு விநாடி. பெருமைக்குச் சொல்லல, கேட்டிய, சொல்லுதேன். ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் அந்த இடத்துல என் பேருதான் இருந்துது.

அதுக்குள்ள ரெண்டு பேரு கள்ள ஓட்டம் அனுப்பிட்டாங்க. மெஷினை அடிக்க விட்டுட்டு, நான் அடிச்சேன்னு. அப்ப விளையாட்டைச் செஞ்சவங்க, முதல் இடத்துல இருக்கவங்களே பாத்துச் சொல்லுங்கன்னுட்டாங்க. அப்படித்தான் நடுவரானேன். கூட யாழ்ப்பாணத்துல இருந்து கிருபாகரன்னு ஒரு தம்பி. பேங்குல வேலை. நல்ல பிள்ள, ஆனா எதையும் சட்டுனு நம்பிரும். அந்தத் தம்பி ஒரு தடவை பாத்துட்டு சரிக்காங்கும். நான் அப்படி இல்ல. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வீடியோவைக் கால்வாசி வேகத்துல ஓட விட்டு, ஒவ்வொரு வார்த்தையாப் பாப்பேன்.

என்னத்தப் பாக்கேன்னு கேளுங்க. நேரத்தை யாரும் பாக்கலாம். நான் கையைப் பாப்பேன். திரையில கை தெரியாது, ஆனா எழுத்து விழுகிறதுல கை தெரியும். மெஷின் அடிச்சா எல்லா எழுத்தும் ஒரே சீரா விழும். மனுஷ விரலு அப்படி இல்ல. பழகின வார்த்தையில ஓடும், பழகாத வார்த்தையில தட்டும். எனக்கே பாருங்க, ‘கிரயம்’, ‘வடபுறம்’, ‘மேற்படி’ன்னு வந்தா நான் பாக்கிறதுக்கு முன்னாலயே விரல் அடிச்சிரும். ‘அன்னாசிப்பழம்’னு வந்தா ஒரு கணம் நின்னு யோசிக்கும். எந்தப் பத்திரத்துல அன்னாசிப்பழம் வருது? அப்புறம் சத்தத்தைக் கேப்பேன். நடுவுல வெட்டி ஒட்டிருந்தா பின்னால ஓடுற சத்தம் காட்டிக் குடுத்துரும். ஒருத்தரு வீட்டுல குக்கர் விசில் ஆரம்பிச்சுது, முடியவே இல்ல, அப்படியே காணாமப் போச்சு. புடிச்சிட்டேன்லா.

போன தை மாசம் ஒரு ஓட்டம் வந்துது. பொன்வண்டுன்னு புனைபேரு. பதிமூணு நிமிஷம் அம்பத்தோரு விநாடி.

என்னை விட முப்பத்தோரு விநாடி கம்மி. நான் ஒண்ணும் பதறல. தண்ணி குடிச்சேன். ரெண்டு செம்பு. அப்புறம் உக்காந்து பாத்தேன். அன்னைக்கு ஒரு தடவை, மறுநாள் நாலு தடவை. மொத்தம் பதினோரு தடவை பாத்தேன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மத்தவங்க ஓட்டத்தை எத்தனை தடவை பாப்பேன்னு கேக்கிய. ரெண்டு. ஆனா இது முதல் இடத்துக்கு வந்த ஓட்டம்லா, கவனமாப் பாக்கணும்லா.

அஞ்சு இடத்துல சத்தம் இல்ல. கீபோர்டு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு, ஃபேன் கிரீச்கிரீச்சுங்குது, பொசுக்குனு எல்லாம் நின்னுருது. பத்து விநாடி ஒண்ணுமே இல்ல. திரும்ப வருது. நம்ம விதியில தெளிவா இருக்கு, சத்தம் விட்டுப் போகக் கூடாதுன்னு. அந்த விதியை எழுதினதே நான்தான். “ஒலி தொடர்ச்சியாக இல்லை. விளக்கம் தேவை”ன்னு குறிப்பு போட்டு நிறுத்தி வச்சிட்டேன். ஒன்பது நாள் கழிச்சுப் பதில் வருது. “ஒலியை நீக்கியது நான்தான். காரணம் கூற இயலாது.” அவ்வளவுதான். எப்படி இருக்கும் எனக்கு? ரெண்டாவது குறிப்புல கொஞ்சம் காரமா எழுதிட்டேன். இது திருட்டு வேலை மாதிரி இருக்குன்னு.

அதுக்குப் பதிலே இல்ல. சரி, அந்தச் சும்மா இருந்த நாள்ல என்ன செய்யன்னு, ஒரு நோட்டுப் போட்டு வார்த்தை வார்த்தையாக் கணக்கு எடுத்தேன். எந்த வார்த்தைக்கு எவ்வளவு நேரம்னு. அப்பத்தான் ஒரு விஷயம் தட்டுப்பட்டுது. ‘மல்லிகை’ அடிக்க இந்தப் பொன்வண்டு தடுமாறுது. ‘கொலுசு’ல தப்பு விட்டு அழிச்சு அடிக்குது. ஆனா ‘முன்விரோதம்’னு வந்தா மின்னல் மாதிரி போகுது. ‘வாக்குமூலம்’, ‘அடையாளம்’, ‘தலைமறைவு’. ஏக்கா, ‘தலைமறைவு’ அடிக்க எனக்கு ஒண்ணரை விநாடி ஆகும். இது அரை விநாடியில அடிச்சிட்டு அடுத்ததுக்கு நிக்குது. மெஷினா இருந்தா மல்லிகையும் தலைமறைவும் ஒண்ணுதான. அதனால மனுஷ கைதான்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

தெரிஞ்சும் ஏன் நிறுத்தி வச்சேன்னு கேக்கிய. சட்டம்க்கா. சத்தம் இல்லைன்னா இல்லதான். எனக்காக ஒரு சட்டம், பொன்வண்டுக்காக ஒரு சட்டம்னு வைக்க முடியுமா?

அந்தச் சமயத்துல நானும் தினம் காலையில ஜெபம் முடிச்சதும் ரெண்டு ஓட்டம் அடிக்க ஆரம்பிச்சேன். அது வேற. விரலுக்குப் பயிற்சி வேணும்லா. பதினாலு பத்து வந்துது. பதினாலு ஆறு வந்துது. பதினாலுக்குக் கீழ வரமாட்டேங்குது.

எழுபது நாள் ஆனதும் கிருபா தம்பி எழுதிச்சு. எப்பவும் சிரிச்ச முகப் படம் போட்டுத்தான் ஆரம்பிக்கும், அன்னைக்கு அது இல்ல. “அக்கா, இனி இழுக்க ஏலாது. முதலாம் இடத்தில நீங்கள்தான் இருக்கிறீங்கள் எண்டது எல்லாருக்கும் தெரியும். ஆக்கள் கதைக்கினம்.” எனக்கு அன்னைக்குப் பூராவும் மனசே சரியில்ல. முதல் இடத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பத்திரத்துல சர்வே நம்பரை மாத்தி அடிச்சு வச்சிட்டேன்னா பாத்துக்கிடுங்க.

ரெண்டு நாள் கழிச்சு பொன்வண்டு எனக்குத் தனியா ஒரு கடிதம் அனுப்பியிருந்தா. ஆமா, பொம்பளப் பிள்ளதான். பேரு இசக்கித்தாய். போலீஸ். இந்த ரோட்டு மேலேயே ஒரு ஸ்டேஷன்ல ஏட்டம்மா. அங்க எழுத்து வேலையெல்லாம் அவதான், புகாரு எழுதுறது, வாக்குமூலம் அடிக்கிறது எல்லாம். சாப்பாட்டு நேரத்துல சொந்த லேப்டாப்புல உக்காந்து ஆடிருக்கா. பக்கத்து ரூம்ல வயர்லெஸ் மைக்குல தகவல் போய்க்கிட்டே இருக்கும், அது வெளிய போகக் கூடாது. அதனாலதான் மைக் பேசின இடத்துல எல்லாம் சத்தத்தை எடுத்துருக்கா. இதை வெளிய சொன்னா, வேலை இடத்துல விளையாடினியான்னு கேள்வி வரும். உங்களை நம்பிச் சொல்லுதேன், வேணும்னா நேர்ல வந்து பாருங்கன்னு எழுதியிருந்தா.

நான் எழுதின குறிப்பை எல்லாம் திரும்ப எடுத்துப் படிச்சேன். போலீஸுக்கு, திருட்டு வேலைன்னு எழுதிருக்கேன்.

இதை வச்சு நான் என்ன வேணும்னாலும் செஞ்சிருக்கலாம். கடிதத்தை அப்படியே கிருபாவுக்கு அனுப்பியிருக்கலாம். காவல் நிலையத்துல எடுத்த ஓட்டம்னு நாலு பேருக்குச் சொன்னாப் போதும், அந்தப் பிள்ள பயந்து ஓட்டத்தைத் தானே எடுத்துரும். அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்துதான்னு கேட்டா, வந்துது. ஒரு நாள் இருந்துது. மறுநாள் லீவு போட்டுட்டு இதே பஸ்ஸுல ஏறி வந்துட்டேன்.

ஸ்டேஷனுக்கெல்லாம் நான் போனதே இல்ல. வாசல்ல நின்ன போலீஸ்காரரு என்ன விஷயம்னாரு. என்னன்னு சொல்ல? ஏட்டம்மாவைப் பாக்கணும், உறவுன்னேன். பெஞ்சுல உக்காரச் சொன்னாவ. கதவு வழியாப் பாத்தேன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், காக்கிச் சட்டை, கண்ணாடி. நான்தான்னு கண்டுகிட்டா. உக்காருங்கன்னு தலையை அசைச்சா. ஆனா எழும்பி வர முடியல. முன்னால ஒரு அம்மா அழுதுகிட்டு நிக்கா.

வெள்ளாடு ரெண்டு காணாமப் போச்சாம். அந்த அம்மா ஆட்டுக் கதையை ஆதியில இருந்து சொல்லுது. தாயாடு செத்தது, குட்டிக்குப் புட்டியில பால் குடுத்தது, ஒண்ணுக்குக் காதுல வெள்ளை, ஒண்ணு கூப்பிட்டா வரும், பக்கத்துத் தோட்டக்காரன் போன மாசம் சண்டை போட்டது. நடுநடுவுல மூக்கைச் சிந்துது. நானா இருந்தா, இரும்மா, முதல்ல பேரைச் சொல்லுன்னுருப்பேன். இவ ஒண்ணும் சொல்லல. அந்த அம்மா வாயைத் திறந்ததும் கை ஓட ஆரம்பிச்சுது.

திரையைப் பாக்கலக்கா. கீபோர்டையும் பாக்கல. அந்த அம்மா மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. பேசப் பேச விரல் கூடவே போகுது. அந்த அம்மா அழுகைக்கு நிறுத்தினா விரலும் நிக்குது. திரும்பப் பேச ஆரம்பிச்சா அதுவும் ஓடுது. மேல ஃபேன் கிரீச்கிரீச்சுங்குது. பதினோரு தடவை கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? நான் என்னை அறியாம வாட்சைப் பாத்துக்கிட்டேன். எட்டு நிமிஷம். ஒரு தடவைகூட ‘என்ன சொன்னிய’ன்னு கேக்கல. முடிச்சு, பேப்பரை எடுத்து, சத்தமாப் படிச்சுக் காமிச்சா. பால் குடுத்தது வரைக்கும் அதுல இருந்துது. அந்த அம்மா அழுகையை நிறுத்திட்டு, “ஆமா, அப்படித்தான்”ன்னுது.

ஒரு எழுத்துப்பிழை இருந்துது. எனக்கு பெஞ்சுல இருந்தே தெரிஞ்சுது, ‘வெள்ளாடு’ல ஒரு கால் விட்டுப் போச்சு. நான் சொல்லல.

அப்புறம் டீ வாங்கிட்டு வந்தா. ஓட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பஸ்ஸுல இடம் கிடைச்சுதாக்கான்னா. நானாத்தான் பேச்சை எடுத்தேன், விதின்னு ஒண்ணு இருக்கு, என் மேல தப்பு இல்லன்னு. அவ நீங்க செஞ்சது சரிதான்னுட்டா. சத்தம் இல்லாத ஓட்டத்தை அவளும் நம்ப மாட்டாளாம். அந்தத் திருட்டு வேலைங்கிற வார்த்தையைப் பத்தி அவளும் எடுக்கல, நானும் எடுக்கல.

வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சாயங்காலமே போட்டுட்டேன். ‘ஏற்கப்பட்டது.’ எழுபத்திமூணாவது நாளு. கிருபா தம்பி தாமரைப் பூ படம் அனுப்பிச்சு. பட்டியல்ல என் பேரு ரெண்டாவதா வந்துது. ஒண்ணும் வருத்தமில்ல. சொல்லப்போனா ரெண்டாவது பேரைத்தான் நிறைய பேரு படிக்காங்க, முதல் பேரு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அப்புறம் இசக்கித்தாயையும் நடுவராச் சேத்துக்கிடலாம்னு பேச்சு வந்துது. நான்தான் சொன்னேன். அதாவது கிருபா சொல்லிச்சு, நான் சரின்னேன்.

ஒரு மாசம் ஆச்சு. இப்ப நான் ஒண்ணு சொல்லப் போறேன், நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால சொல்லுதேன். ஒரு திங்கக்கிழமை எனக்கு முதல் முப்பது கட்டம் அவ்வளவு அழகா ஓடுச்சு. முப்பத்தொண்ணுல கை குழறிப் போச்சு. அதுக்கு முந்தின நாள், ஆலயத்துக்குப் போயிட்டு வந்து ஆடினதுல கடைசிப் பத்துக் கட்டம் பிரமாதம், ஆரம்பம்தான் மோசம். ரெண்டையும் வச்சுப் பாத்தேன். திங்கக்கிழமை முப்பது, ஞாயித்துக்கிழமை பத்து. சேத்தா பதிமூணு நிமிஷம் நாப்பத்தேழு விநாடி.

என்ன அப்படிப் பாக்கிய? ரெண்டும் நான் அடிச்சதுதான. யாரு கை? என் கை. மெஷினா வச்சேன்? வேற ஆளையா வச்சேன்? ஒரே கைதான் ரெண்டு நாள் அடிச்சுது, அதை ஒரே நாளாக்கினேன், அவ்வளவுதான். வெட்டின இடத்துல சத்தத்தை நல்லா இழைச்சேன். எங்க மாட்டும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? அனுப்பிட்டேன்.

அது இசக்கித்தாய் கையிலதான் போச்சு.

நாலு நாள்ல போன் வந்துது. சுத்தி வளைக்கல. “அக்கா, கடைசிப் பத்துக் கட்டத்துல உங்க கையில வளையல் இருக்கு. அதுக்கு முன்னால இல்ல”ன்னா. ஞாயித்துக்கிழமை வளையலைக் கழட்டாமலே உக்காந்துட்டேன், அது என் காதுல விழவே இல்ல பாருங்க. மத்தவங்க வீட்டுக் குக்கரைக் கேட்ட காது இது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், வளையலை நடுவுல மாட்டினேன்னு சொல்லலாமான்னு. அவ அதுக்குள்ள சொன்னா:

“நீங்க என் ஓட்டத்தை எழுபத்திமூணு நாள் வச்சிருந்திய. எனக்குக் கோவம் வந்துதுதான். ஆனா ஒரு ஆளு என் ஒவ்வொரு எழுத்தையும் உக்காந்து கேட்டுருக்கு. என் வீட்டுல, ஸ்டேஷன்ல, யாரும் என் வேலையை அப்படிப் பாத்தது இல்ல. அதே மாதிரிதான்க்கா நானும் உங்களுதைப் பாத்தேன். இதை நான் பட்டியல்ல எழுதல. நீங்களே எடுத்துருங்க.”

போனை வச்சிட்டேன். எடுத்துட்டேன். ‘தொழில்நுட்பக் காரணங்களால் திரும்பப் பெறப்பட்டது’ன்னு குறிப்பு போட்டேன். நாத்தனாருகிட்ட சொன்னேன், ஒரு விளையாட்டுக்கு ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கன்னுட்டா. ஆபீஸ்ல பத்திரம் அடிக்கேன், அந்தக் குறிப்பு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஓட்டத்துல ஒரு ஆளு பொய் செஞ்சிரலாம், மனுஷங்கதான. ஆனா நடுவர் எழுதுற குறிப்பு பொய்யா இருக்கலாமா? அது எனக்குப் பொறுக்கல. மூணாவது நாள் உள்ள போயி மாத்திட்டேன். ‘இரண்டு நாள் ஓட்டத்தை ஒட்டி அனுப்பினேன். ஜெபக்கனி.’

அடிக்கும்போது ‘ஒட்டி’யில ரெண்டு தடவை தப்பு விட்டேன்.

கிருபா தம்பி, அக்கா நீங்கள் நடுவராகவே இருங்கோன்னு எழுதிச்சு. சில பேரு ஏசித்தான் எழுதினாவ. நான் எழுதின விதியை எனக்கே எடுத்து அனுப்பினாவ. எழுதட்டும்.

இசக்கித்தாய்தான் அன்னைக்குச் சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டா. சனிக்கிழமை ஓய்வாம். வீட்டுக்கு வந்து அடிங்க, நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாக்குதேன், அதுக்கு மேல எவனும் பேச முடியாதுன்னா. எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாமாம். மத்தியானம் கறிக்குழம்பு வைக்காளாம். நான் வரலைன்னேன். பதிமூணு அம்பதுக்குக் கீழ நான் உண்மையில ஒரு தடவைகூட அடிச்சதில்ல, அவ முன்னால உக்காந்து பதினாலரைன்னு வந்துட்டா? அவ சொன்னா, வந்தா பதினாலரைன்னு எழுதிக்கிடுவோம்னு.

இன்னைக்குச் சனிக்கிழமைதான.

மணிக்கட்டையே தடவிக்கிட்டு இருக்கேனா? ஒண்ணுமில்லக்கா. காலையில வளையலைக் கழட்டி வச்சிட்டு வந்தேன், கை வெறிச்சுன்னு இருக்கு, அதான்.

நிறுத்தம் வந்துட்டு. அந்தா நிக்கா பாருங்க, அந்தப் பச்சைச் சேலை. காக்கிச் சட்டை இல்லாம இப்பத்தான் பாக்கேன், சின்னப் பிள்ள மாதிரில்லா இருக்கா. என்னைத் தேடுதா, முன்வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கா. நான் இறங்குதேன்க்கா. மேல இருக்க அந்த நீலப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. மெதுவா, மெதுவா, உள்ள கீபோர்டு இருக்கு. அவ கீபோர்டுல எனக்கு ஓடாது.